‘டிக்கெட்’டுக்கு ஸ்பானிஷில் ஆறேழு சொல்: எதைப் போடுவது?

கேள்வி இதுதான். பஸ், ரயில் டிக்கெட் எடுக்கும் செயலி ஒன்றில் வேலை பார்க்கும் ஒருவரிடம், அதிலுள்ள ஆங்கிலச் சொற்களை ஸ்பானிஷுக்கு மாற்றும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்பானிஷ் ஓரளவு படித்தவர். ஆனால் எந்தச் சொல்லைத் தேடினாலும் அகராதி நாலைந்து பதில் தருகிறது. “முதலில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாமா? கூடாதென்றால் எதை வைத்து முடிவு செய்வது?” என்று கேட்கிறார். டிக்கெட், சேவ், ஃப்ரீ, சிங்கிள், ரிட்டர்ன், விண்டோ என்று உதாரணமும் கொடுத்திருக்கிறார்.

முதலில் இருப்பதை எடுக்காதீர்கள். அகராதியில் முதலில் வருவது பெரும்பாலும் அதிகம் புழங்கும் பொருள். உங்கள் திரையில் இருப்பது அந்தப் பொருள்தான் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. சில அகராதிகளில் அதுகூடக் கிடையாது. பெயர்ச்சொல் முதலில், வினைச்சொல் பிறகு என்ற வரிசை மட்டும்தான்.

(ஸ்பானிஷ் சொற்களைக் காதில் விழுவதற்கு நெருக்கமாகத் தமிழில் எழுதுகிறேன். ஸ்பெயின் உச்சரிப்பும் லத்தீன் அமெரிக்க உச்சரிப்பும் சில இடங்களில் வேறுபடும், அதற்குள் போகவில்லை.)

‘டிக்கெட்’டிலிருந்தே தொடங்கலாம். ஸ்பெயினில் ரயில், பஸ், விமானம் எதற்கும் ‘பியேத்தே’. அந்நாட்டு அரசு ரயில் நிறுவனமான ரென்ஃபே பயன்படுத்துவதும் இதுதான். அதே டிக்கெட் மெக்சிகோவில் ‘பொலேத்தோ’. கொலம்பியாவில் ‘திக்கேத்தே’. அர்ஜென்டினா, சிலி பக்கம் தொலைதூரப் பஸ்ஸுக்கும் விமானத்துக்கும் ‘பசாஹே’. சினிமா, நாடகம், கால்பந்து என்றால் ஸ்பெயினிலும் அர்ஜென்டினாவிலும் ‘என்த்ராதா’. மெக்சிகோவில் அங்கேயும் ‘பொலேத்தோ’ சொல்வார்கள். போக்குவரத்துப் போலீஸ் கையில் திணிக்கும் அபராதச் சீட்டு ‘முல்தா’. இன்னொன்றும் உண்டு: பயணி புகார் கொடுத்ததும் உங்கள் உதவி மையம் ஒரு டிக்கெட் எண் தருமே, அதற்குப் பலர் ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் கோரிக்கை என்ற பொருளில் ‘சொலிசிதூத்’ போடுவேன்.

இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. பயணச் சீட்டா, நுழைவுச் சீட்டா, அபராதமா, புகாரா என்பது பொருள் பற்றிய கேள்வி. ஸ்பெயினா, மெக்சிகோவா, கொலம்பியாவா என்பது இடம் பற்றிய கேள்வி. அகராதி இரண்டையும் ஒரே பத்தியில் கொட்டிவிடுவதால்தான் தலை சுற்றுகிறது. முதலில் பொருளைத் தீர்த்துவிட்டு அப்புறம் நாட்டுக்குப் போங்கள். வரிசை மாறினால் குழப்பம் தீராது.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது ஆங்கிலத்தின் தனிக் குற்றமில்லை. நம்முடைய ‘போடு’ என்ற சொல்லை ஒரு ஸ்பெயின்காரர் கற்றுக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். சட்டை போடு, சாப்பாடு போடு, கையெழுத்துப் போடு, சண்டை போடு, லைட்டைப் போடு. ஐந்துக்கும் ஸ்பானிஷில் ஐந்து வினை வேண்டும். ‘போடு என்றால் என்ன?’ என்று அவர் கேட்டால் நம்மால் பதில் சொல்ல முடியாது; ‘எதைப் போடுவது?’ என்று திருப்பித்தான் கேட்போம். ஆங்கிலச் சொல்லிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள்: பக்கத்தில் யார் நிற்கிறார்கள்?

‘சேவ்’ பக்கத்தில் பயணியின் விவரம் நின்றால் ‘குவார்தார்’. 20 சதவீதம் நின்றால் அது பணத்தை மிச்சப்படுத்துவது, ‘அவொர்ரார்’. உயிர் நின்றால் ‘சல்வார்’. தமிழில் முதல் இரண்டையும் ‘சேமி’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். அதனால் இந்த இடத்தில் தமிழ்க் காது எச்சரிக்கை மணி அடிக்காது. மூன்றாவதில் மட்டும் ‘காப்பாற்று’ என்று நாமே பிரித்துவிடுகிறோம்.

‘ஃப்ரீ’யில் நிலைமை நேரெதிர். காலி இருக்கை, இலவச வைஃபை என்று தமிழில் இரண்டும் வேறு வேறு. ஸ்பானிஷும் அப்படித்தான்: காலிக்கு ‘லிப்ரே’, இலவசத்துக்கு ‘கிராத்திஸ்’. உங்கள் செயலியில் இது மாறினால் விளைவு கொஞ்சம் பலமாகவே இருக்கும். இருக்கை வரைபடத்தில் ‘லிப்ரே’ இருக்க வேண்டிய இடத்தில் ‘கிராத்திஸ்’ வந்தால், அந்த இருக்கைக்குக் காசு வேண்டாம் என்று அர்த்தம். காசு எடுத்துக்கொண்ட பிறகு பயணி சும்மா இருக்க மாட்டார்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். ஆங்கில வாக்கியத்தைப் பார்த்ததும் ஸ்பானிஷுக்குத் தாவாமல், அந்தச் சொல்லே வராதபடி தமிழில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கிய சொல்லாக ‘ஃப்ரீ’ என்றே சொல்லிவிட்டால் பயனில்லை. ‘காலி’ என்று வாயில் வந்ததா, ‘காசில்லாமல்’ என்று வந்ததா? வந்த சொல்லுக்கு ஸ்பானிஷ் தேடுங்கள். நாம் ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படிப்பதில் இருக்கும் ஒரே லாபம் இதுதான்: மூன்றாவதாக ஒரு மொழி கையில் இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு இந்த வசதி இல்லை.

ஆனால் இது எல்லா இடத்திலும் கைகொடுக்காது. ஆங்கிலத்தில் ‘ஆஸ்க்’ என்பதற்கு ஸ்பானிஷில் இரண்டு வினை: ‘ப்ரெகுன்தார்’, ‘பெதீர்’. தமிழில் இரண்டுக்கும் ‘கேள்’தான். வழி கேட்டான், கடன் கேட்டான். போதாக்குறைக்கு நமக்குப் பாட்டுக் கேட்பதும் அதே சொல். இதற்கு வேறு சோதனை வேண்டும். கேட்டதற்குப் பதிலாக வார்த்தை திரும்பி வந்தால் ‘ப்ரெகுன்தார்’. பொருளோ, செயலோ திரும்பி வந்தால் ‘பெதீர்’. நடத்துநர் அடையாள அட்டை கேட்கிறார் என்றால் ‘பெதீர்’. எங்கே இறங்குவீர்கள் என்று கேட்கிறார் என்றால் ‘ப்ரெகுன்தார்’.

அடுத்து ‘சிங்கிள்’, ‘ரிட்டர்ன்’. இரண்டும் பயணச் செயலிகளில் ஆளைக் கவிழ்க்கும் சொற்கள்.

‘சிங்கிள்’ மட்டும் மூன்று திரையில் வரலாம். டிக்கெட் வகையில் வந்தால் போவதற்கு மட்டும்: ஸ்பெயினில் ‘சோலோ ஈதா’, மெக்சிகோவில் ‘சென்சீயோ’. தங்கும் அறையில் வந்தால் ஒருவர் அறை: ஸ்பெயினில் ‘இந்திவிதுவால்’, மெக்சிகோவில் பெரும்பாலும் ‘சென்சீயா’. பயணியின் விவரப் படிவத்தில் வந்தால் திருமணமாகாதவர்: ‘சொல்தேரோ’, பெண்ணானால் ‘சொல்தேரா’. அகராதியில் இந்தப் பொருள் மேலேயே இருக்கும். அதை எடுத்து டிக்கெட் பொத்தானில் ஒட்டினால் கல்யாணமாகாதவர்களுக்கான பயணச்சீட்டு விற்கிறீர்கள்.

‘ரிட்டர்ன்’ இன்னும் கொஞ்சம் வளைந்தது. போய்வரும் டிக்கெட்டுக்கு ஸ்பெயினில் ‘ஈதா இ வுவேல்தா’. அதாவது போக்கும் வரத்தும். மெக்சிகோவில் அதையே வட்டப் பயணம் என்பார்கள்: ‘வியாஹே ரெதோந்தோ’. முந்தைய திரைக்குத் திரும்பும் பொத்தானானால் ‘வொல்வேர்’. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதானால் ‘தெவொல்வேர்’. முன்னால் ‘தே’ சேர்ந்ததும் திரும்புவது திருப்புவதாக ஆகிவிட்டது. தமிழில் ‘திரும்பு’, ‘திருப்பு’ என்று ஒற்று மாறுவதைப் போலவே. பணம் திரும்ப வருவது ‘ரெயெம்போல்சோ’. உங்கள் டிக்கெட் ரத்துப் பக்கத்தில் பெரும்பாலும் இதுதான் தேவைப்படும்.

‘விண்டோ’வுக்கு வீட்டு ஜன்னலும் கணினித் திரை ஜன்னலும் ‘வென்தானா’. ரயில், பஸ், விமானத்தில் இருப்பது சின்ன ஜன்னல், ‘வென்தனீயா’. ஜன்னலோர இருக்கைக்கு இதைத்தான் போட வேண்டும். ஆனால் டிக்கெட் கவுன்டரில் ஆள் உட்கார்ந்திருக்கும் அந்தத் துளைக்கும் ‘வென்தனீயா’ என்றே பெயர். ‘டிக்கெட்டை வென்தனீயாவில் வாங்கிக்கொள்ளலாம்’ என்று எழுதினால் யாரும் ரயில் ஜன்னலைத் தேடிப் போக மாட்டார்கள், சூழல் காப்பாற்றிவிடும். ஆனால் ஒற்றைச் சொல்லாகத் தனியே நிற்கும் பொத்தானில் சூழல் காப்பாற்றாது. அங்கே இருக்கை என்ற சொல்லையும் சேர்த்தே போடுங்கள். இடம் போதவில்லை என்று வடிவமைப்பாளர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

உங்கள் பட்டியலில் இல்லாவிட்டாலும் கட்டாயம் வரப்போகிற சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

‘பிளாட்ஃபார்ம்’: ரயில் நிலையத்தில் ‘அந்தேன்’. ‘பிளாத்தாஃபோர்மா’ என்று ஒலியை வைத்து எழுதினால் மென்பொருள் தளம், மேடை, எண்ணெய்க் கிணற்று மேடை என்றெல்லாம் போகும். ஆனால் அர்ஜென்டினாவின் பஸ் நிலையங்களில் பஸ் வந்து நிற்கும் இடத்துக்கு ‘பிளாத்தாஃபோர்மா’தான். ஆகவே அந்தச் சொல்லை அறவே தள்ளிவிடவும் முடியாது.

‘ஸ்டாப்’: பஸ் நிற்குமிடம் ‘பராதா’, பெரு, சிலி, கொலம்பியா பக்கம் ‘பராதேரோ’. விமானம் இடையில் ஓரிடத்தில் இறங்கிப் போவது ‘எஸ்காலா’. சாலையில் நடும் எண்கோணச் சிவப்புப் பலகையில் ஸ்பெயினில் ஆங்கிலச் சொல்லே இருக்கும், மெக்சிகோவில் ‘ஆல்தோ’, தென் அமெரிக்காவில் ‘பாரே’.

‘லெக்’: இரண்டு வண்டி மாறிப் போகும் பயணத்தில் ஒவ்வொரு பகுதியையும் ஆங்கிலத்தில் இப்படிச் சொல்வார்கள். ஸ்பானிஷில் ‘த்ராமோ’. அகராதியில் முதலில் இருக்கும் ‘பியெர்னா’வைப் போட்டால் மனிதக் கால். மிருகத்தின் காலும் மேசைக் காலும் ‘பாத்தா’. நமக்கு எல்லாம் கால்தான்.

‘டேட்’: பயணத் தேதி ‘ஃபேச்சா’. முன்கூட்டிக் குறித்த சந்திப்பு ‘சீத்தா’. பேரீச்சம்பழம் ‘தாத்தில்’.

‘சார்ஜ்’: கைபேசிக்கு ‘கார்கார்’, பணத்துக்கு ‘கொப்ரார்’. ‘உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப்படும்’ என்ற வரியில் ‘கொப்ரார்’தான் வரவேண்டும்.

‘ஹோம்’: செயலியின் முதல் திரை ‘இனீசியோ’, அதாவது தொடக்கம். ‘காசா’ என்றால் வீடு.

இனி, வாக்கிய வடிவே பதிலை மாற்றும் சில இடங்கள். ‘பஸ் 5ஆம் நடைமேடையில் இருக்கிறது’ என்பதற்கு ‘எஸ்தார்’ என்ற வினையிலிருந்து ‘எஸ்தா’. ‘கச்சேரி அந்த அரங்கில்’ என்பதற்கு ‘செர்’ என்ற வினையிலிருந்து ‘எஸ்’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘இஸ்’. இடத்தைச் சொன்னால் ‘எஸ்தார்’ என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொடுத்திருக்கும். நிகழ்ச்சிக்கு அது பொருந்தாது என்பது பின்னால்தான் தெரியவரும். தமிழில் சொல்லும்போது ‘நடக்கிறது’ என்று போட முடிந்தால் ‘எஸ்’. பஸ் நடக்காது, நிற்கும் அல்லது இருக்கும், அங்கே ‘எஸ்தா’. நீங்கள் நிகழ்ச்சி டிக்கெட்டும் விற்பதாக இருந்தால் இது தினமும் தேவைப்படும்.

‘டேக்’ என்பதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதலாம். பயணம் மூன்று மணி நேரம் எடுக்கும் என்பதற்கு ‘துரார்’ அல்லது ‘தர்தார்’. பையை எடுத்துப் போவது ‘யெவார்’. படம் எடுப்பது ‘சக்கார்’ அல்லது ‘தொமார்’. மாத்திரை எடுப்பது ‘தொமார்’. பஸ் பிடிப்பதற்கு ஸ்பெயினில் நாள் முழுக்கச் சொல்வது ‘கொஹேர்’. இதே சொல் மெக்சிகோ, அர்ஜென்டினா உள்ளிட்ட பல நாடுகளில் படுக்கையறைச் சமாசாரம், அதுவும் கொச்சையாக. பஸ்ஸோடு சேர்த்து எழுதினால் எப்படிச் சிரிப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பஸ்ஸுக்கும் ‘தொமார்’ போட்டுவிட்டால் எந்த நாட்டிலும் வம்பில்லை.

இப்படித்தான் இடம் பற்றிய கேள்விக்கு வருகிறோம். ஸ்பானிஷ் 20 நாடுகளில் ஆட்சிமொழியாக அல்லது நடைமுறையில் அரசு மொழியாக இருக்கிறது. இலக்கண அடிப்படை ஒன்றுதான். அன்றாடப் பொருள்களின் பெயர்தான் ஊருக்கு ஊர் மாறும், அதிலும் வண்டி வாகனப் பெயர்கள் ரொம்ப மோசம். பஸ்ஸுக்குப் பொதுச்சொல் ‘ஔத்தோபூஸ்’. மெக்சிகோ பேச்சில் ‘கமியோன்’, மற்ற நாடுகளில் அது லாரி. அர்ஜென்டினாவில் நகரப் பஸ் ‘கொலெக்தீவோ’. கியூபாவிலும் கேனரி தீவுகளிலும் ‘குவாகுவா’. அதே ‘குவாகுவா’ சிலியிலும் ஈக்வடோரிலும் கைக்குழந்தை. கார் ஸ்பெயினில் ‘கோச்சே’, கொலம்பியாவில் ‘கார்ரோ’, அர்ஜென்டினாவில் ‘ஔத்தோ’.

விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதை ஸ்பெயினில் ‘ஃபாக்துரார்’ என்பார்கள். பில் போடுவதற்கும் அதே வினை. மெக்சிகோவில் பெட்டியை ‘தொகுமென்தார்’ செய்கிறார்கள், அர்ஜென்டினாவில் ‘தெஸ்பச்சார்’. இதில் எது சரி என்று கேட்பதில் அர்த்தமில்லை. யார் படிக்கப் போகிறார்கள் என்று உங்கள் மேலாளரிடம் கேளுங்கள். ‘எல்லாருக்கும் ஒரே ஸ்பானிஷ்’ என்று பதில் வந்தால், குறைந்தது ஸ்பெயினுக்கு ஒரு கோப்பு, லத்தீன் அமெரிக்காவுக்கு ஒரு கோப்பு என்றாவது பிரிக்கச் சொல்லுங்கள். லத்தீன் அமெரிக்காவுக்கென்று ஈஎஸ்-419 என்ற மொழிக் குறியீடு ஏற்கெனவே இருக்கிறது. 419 என்பது லத்தீன் அமெரிக்க, கரீபியப் பகுதிக்கு ஐ.நா. புள்ளியியல் பிரிவு கொடுத்த எண். இரண்டாகக்கூடப் பிரிக்க மாட்டோம் என்றால், எங்கும் புரிகிற சொல்லைத் தேடிப் போடுவதைத் தவிர வழியில்லை. கொஞ்சம் உப்புச்சப்பில்லாமல் இருக்கும், ஆனால் யாரையும் முகம் சுளிக்க வைக்காது.

அகராதியை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தடித்த எழுத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். நல்ல ஆங்கில–ஸ்பானிஷ் அகராதியில் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் சாய்வெழுத்தில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கும்: உணவகத்தில், பறவையின், நாடாளுமன்றத்தில் என்பது மாதிரி. தேர்வு செய்ய உதவுவது அந்தக் குறிப்புதான். ‘பில்’ என்று தேடினால் உணவகத்துக்குக் ‘குவென்தா’, மின்சாரத்துக்கு ‘ஃபாக்தூரா’ அல்லது ‘ரெசீபோ’, பணத்தாளுக்குப் ‘பியேத்தே’, சட்ட மசோதாவுக்கு ‘ப்ரொயேக்தோ தெ லேய்’, பறவை அலகுக்குப் ‘பீக்கோ’ என்று வரிசையாக வரும். குறிப்பைப் பார்க்காமல் எடுத்தால் சாப்பிட்டு முடித்துவிட்டு பரிமாறுபவரிடம் அலகு கொண்டுவரச் சொல்வீர்கள். குறிப்பே இல்லாமல் வெறும் சொற்களை அடுக்கும் இலவச அகராதிச் செயலியைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

அதே பட்டியலில் பணத்தாளுக்கு வந்த ‘பியேத்தே’ மேலே பயணச் சீட்டுக்கும் வந்ததைக் கவனித்திருப்பீர்கள். அதனால்தான் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்ததும் அதை மறுபக்கத்தில், ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு, திரும்பத் தேடச் சொல்கிறேன். அது வேறு என்னென்னவாக இருக்கிறது என்று தெரியும். மெக்சிகோவில் ‘பியேத்தே’ என்றால் காசுத் தாள் என்றுதான் முதலில் நினைப்பார்கள். உங்கள் செயலி அங்கே ‘பியேத்தே வாங்கவும்’ என்று சொன்னால், புரியும், ஆனால் வெளியூர்க்காரன் பேச்சு மாதிரி இருக்கும்.

அடுத்த படி ஒருமொழி அகராதி. 1713இல் தொடங்கிய ஸ்பானிஷ் அரச அகாதமியின் அகராதி இணையத்தில் இலவசம். அதன் 23ஆம் பதிப்பு 2014இல் வந்தது, இணையப் பதிப்பை அவ்வப்போது திருத்துகிறார்கள். எந்தப் பொருள் எந்த நாட்டுக்குரியது என்று சுருக்கக் குறியீட்டில் போட்டிருப்பார்கள். அமெரிக்கக் கண்டத்துச் சொற்களுக்கு மட்டும் அகாதமிகளின் கூட்டமைப்பு 2010இல் தனி அகராதி வெளியிட்டிருக்கிறது. மெக்சிகோ, பெரு, சிலி என்று பார்த்துப் போட வேண்டியவர்களுக்கு அதுதான் கைப்புத்தகம். செய்தித்தாள் மொழியில் வரும் சந்தேகங்களுக்கு ஃபுந்தேயு என்ற அமைப்பின் தளத்தில் நல்ல விளக்கங்கள் கிடைக்கும்.

இதையெல்லாம்விட வேகமான வழி ஒன்றும் இருக்கிறது. ஸ்பானிஷ் சொல்லைப் படத் தேடலில் போடுங்கள். ‘அந்தேன்’ போட்டால் ரயில் நடைமேடை வருகிறதா, வேறு ஏதாவதா என்று ஐந்து விநாடியில் தெரியும். பெயர்ச்சொல்லுக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. கூடவே அந்நாட்டில் இதே தொழில் செய்கிறவர் தளத்தைத் திறந்து பாருங்கள்: ஸ்பெயினுக்கு ரென்ஃபே, மெக்சிகோவுக்கு ஏ.டி.ஓ. பஸ் நிறுவனம். இருக்கை, சாமான், ரத்து, வயது வந்தோர், குழந்தை என்று உங்களுக்கு வேண்டிய சொல்லில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

இயந்திர மொழிபெயர்ப்பைப் பற்றிக் கேட்பீர்கள். முழு வாக்கியம் கொடுத்தால் இப்போது நன்றாகவே செய்கிறது. பொத்தானில் இருக்கும் ஒற்றைச் சொல்லைக் கொடுத்தால் அதுவும் ஊகம்தான் செய்யும், உங்களுக்கு இருக்கும் அதே சிக்கல்தான் அதற்கும். ‘குளோஸ்’ என்றால் மூடுவதா, பக்கத்தில் இருப்பதா? ‘புக்’ என்றால் முன்பதிவா, புத்தகமா? ‘ஓபன்’ என்றால் திறக்கச் சொல்கிறதா, திறந்திருக்கிறது என்று சொல்கிறதா? கட்டளையானால் ‘அப்ரீர்’. நிலையைச் சொல்வதானால் ‘அபியேர்தோ’, அதிலும் கடையைக் குறித்தால் பெண்பாலில் ‘அபியேர்தா’. மென்பொருள் எழுதியவர் இரண்டு இடத்துக்கும் ஒரே வரியைப் பயன்படுத்தியிருந்தால் எந்தச் சொல்லைப் போட்டாலும் ஓரிடத்தில் தப்பாகத்தான் இருக்கும். அதை உங்களால் தீர்க்க முடியாது. அவர்தான் இரண்டு வரியாகப் பிரிக்க வேண்டும். மென்பொருள் வரிகளை மொழிபெயர்க்க உதவும் கெட்டெக்ஸ்ட் போன்ற கருவிகளில் ஒவ்வொரு வரிக்கும் சூழல் குறிப்பு சேர்க்க வசதி இருக்கிறது. குறிப்பு இல்லாத வரிகளுக்குத் திரையின் படம் கேட்டு வாங்குங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், இது வேலையின் பாதி.

பொத்தானில் வினை வந்தால் ஸ்பானிஷில் ஏவல் வேண்டாம், அகராதி வடிவத்திலேயே போடுவதுதான் வழக்கம்: ‘குவார்தார்’, ‘வொல்வேர்’. தமிழில் ‘சேமி’ என்று ஏவலில் எழுதும் பழக்கத்தில் அங்கேயும் ஏவலைப் போட்டுவிடாதீர்கள். ஏவல் போட்டால் நீ, நீங்கள் என்ற மரியாதைக் கேள்வியும் சேர்ந்து வரும். அர்ஜென்டினாவில் அதற்கு மூன்றாவதாக ஒரு வடிவமும் உண்டு.

பால் விஷயத்தில் இன்னொரு கண்ணி: ‘ஆர்டர்’. ‘எல் ஓர்தென்’ என்று ஆண்பாலில் வந்தால் வரிசை, ஒழுங்கு. ‘லா ஓர்தென்’ என்று பெண்பாலில் வந்தால் கட்டளை. பணம் கட்டிக் கேட்டது இரண்டும் இல்லை, ‘பெதீதோ’. மேலே பார்த்த ‘பெதீர்’ என்ற வினையிலிருந்து வந்தது. உணவகத்தில் உணவு கேட்பதற்கு லத்தீன் அமெரிக்காவில் ‘ஓர்தெனார்’ சொல்வதுண்டு. ஸ்பெயினில் அந்த வினை வந்தால் அறையை ஒழுங்குபடுத்துவது நினைவுக்கு வரும்.

ஆங்கிலச் சொல் போலவே தோன்றும் ஸ்பானிஷ் சொல்லை எடுக்கும் ஆசையைத்தான் கடைசியாக அடக்க வேண்டியிருக்கும். இது விளையாட்டில்லை. 1980இல் ஃபுளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவரை மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். கியூபாவிலிருந்து வந்த குடும்பம், அவர் ‘இன்தொக்சிகாதோ’ என்றது. சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் அர்த்தம். ஆங்கிலத்தில் அதே போல ஒலிக்கும் சொல்லுக்குப் போதை என்று பொருள். அளவுக்கு மீறிய போதை மருந்து என்றே வைத்தியம் நடந்தது. உண்மையில் மூளையில் ரத்தக் கசிவு. அவருடைய கைகால் நான்கும் செயலிழந்தன. வழக்கு சுமார் 7.1 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது. எதிர்த்திசையில் ஒன்று: ஒரு தடவை என்பதற்கான ‘ஒன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை அப்படியே ஸ்பானிஷாகப் படித்தால் ‘ஒன்சே’, அதாவது 11. தினம் ஒரு தடவை சாப்பிட வேண்டிய மாத்திரையின் சீட்டில் அந்த ஒரு சொல் மொழிபெயர்க்கப்படாமல் தங்கிவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி மருந்தகங்களைப் பற்றி 2010இல் வந்த ஆய்வு, கணினி அச்சிட்ட ஸ்பானிஷ் சீட்டுகளில் இப்படிப் பாதி ஆங்கிலமும் பாதி ஸ்பானிஷுமாக இருந்தவற்றைச் சுட்டிக்காட்டியது.

டிக்கெட் செயலியில் யாருக்கும் உயிர் போகாது. இருந்தாலும் ‘கேன்சல்’, ‘ரீஃபண்ட்’, ‘சார்ஜ்’ என்று பணம் சம்பந்தப்பட்ட வரிகளை முதலில் தனியாக எடுத்து வைத்து, அவற்றுக்கு மட்டும் மேலே சொன்ன எல்லாச் சோதனையையும் செய்யுங்கள். மற்றவற்றுக்குத் திரையின் படமும் நல்ல அகராதியும் போதும்.

எல்லாம் முடிந்ததும் அந்தந்த நாட்டுக்காரர் ஒருவரிடம் காட்டுவீர்கள் என்று நினைக்கிறேன். அவரிடம் ‘இது சரியா?’ என்று கேட்காதீர்கள். இரண்டு மொழியையும் பார்த்தால் மரியாதைக்காகச் சரி என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலத்தை மறைத்துவிட்டு ஸ்பானிஷ் திரையை மட்டும் கையில் கொடுங்கள். ‘இந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். அவர் சொல்வதும் உங்கள் செயலி செய்வதும் ஒன்றாக இருந்தால் அந்தச் சொல்லை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.